புது எழுத்தாளரோட புக்குக்கு ரிவ்யூ எழுதுறது எப்படி? (முதல் தடவை எழுதுறவங்களுக்கு)

பேர் தெரிஞ்ச எழுத்தாளர்னா புக் வந்த வாரமே பத்து பேர் எழுதிடுவாங்க. யாருக்கும் தெரியாத ஒருத்தர் கைக்காசு போட்டு கொண்டுவர்ற மொத புக்குக்கு சில சமயம் நீங்க எழுதுறது மட்டும்தான் ரிவ்யூ, அதனால அதைத்தான் ரொம்ப கவனமா எழுதணும். கோத்தகிரில மழைக்காலத்துல சாயங்காலம் ஆனா வெளிய போக முடியாது, அந்த நேரத்துலதான் நான் படிக்கிறதும் எழுதுறதும், செய்ற முறைய அப்படியே சொல்றேன்.

1. புக் கைக்கு வந்ததும் முன்னுரை, பின்னட்டை ரெண்டையும் படிக்காதீங்க, அடுத்தவங்க கருத்து மண்டைல ஏறிடும். முதல் பதிப்பு எந்த வருஷம், பதிப்பகம், பக்கம், விலை இத மட்டும் குறிச்சுக்கோங்க. மறுபதிப்ப புது புக்குன்னு எழுதிடக் கூடாது.

2. ரெண்டு தடவ படிங்க. மொத தடவ சும்மா வாசகரா, ரெண்டாவது தடவ பென்சிலோட. பக்க நம்பர கண்டிப்பா குறிங்க. ஆரம்பத்துல ஒரு நாவலுக்கு "நடை தடுமாறுது"ன்னு எழுதிட்டேன், எழுதினவர் போன் பண்ணி ரொம்ப மரியாதையா "எந்தப் பக்கம்ங்க, திருத்திக்கிறேன்"னு கேட்டார், என்னால ஒரு பக்கம் கூட காட்ட முடியல. அது இன்னும் மனசுல உறுத்துது.

பாராட்டுறதுக்கும் இதேதான். "உருக்கமான கதை"ன்னு எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. போன மாசம் படிச்ச ஒரு தொகுப்புல கொழுந்து பறிச்சு விரல் நுனியெல்லாம் கருத்துப்போன ஒரு அம்மா மகளோட ஸ்கூல்ல கையெழுத்து போடப் போறாங்க, பேனாவ வாங்குறதுக்கு முன்னாடி விரல சேலைல தொடைக்கிறாங்க, தொடைக்கிறாங்க, கறை போகல. இத அப்படியே எடுத்து எழுதுங்க, உருக்கம்ங்கற வார்த்தையே தேவப்படாது.

3. எந்த வகை புக்கோ அந்த வகைக்கான அளவுகோல வச்சு பாருங்க. இதுலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. நம்ம ஊட்டி ரயிலையே எடுத்துக்கோங்க, கல்லார்ல இருந்து குன்னூர் ஏறும்போது இஞ்சின் பின்னாடி நின்னு பெட்டிகள தள்ளிக்கிட்டு போகும். ஒரு கவிதைல "இழுத்துப் போகும் இஞ்சின்"னு வந்தா நான் விட்டுடுவேன். க்ரைம் நாவல்ல அதே பாதைல இஞ்சின் பக்கத்துப் பெட்டில இருந்தவன்தான் முன்னாடி தண்டவாளத்துல எதையோ பாத்தான்னு துப்பு வச்சா மொத்த முடிச்சும் அவுந்துடும், அத சொல்லியே ஆகணும். வரலாறு, கட்டுரை புக்குன்னா வருஷம், இடம், பேர்ல ஒரு நாலஞ்சாவது நீங்களே சரிபாருங்க. உங்களுக்குப் பழக்கமே இல்லாத வகைன்னா, உதாரணத்துக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன், அத மறைக்காம மொத வரியிலயே சொல்லிடுங்க.

4. இப்ப எழுதுங்க. கதை என்னன்னு மூணு வரி, முடிவ சொல்லாதீங்க. பிடிச்ச இடம் ரெண்டு, இடறின இடம் ஒண்ணு, பக்க நம்பரோட. எழுத்துப்பிழை கண்ணுல பட்டா அத தனியா எழுத்தாளருக்கு அனுப்பிடுங்க, அடுத்த பதிப்புல உதவும். யார் படிச்சா பிடிக்கும்னு ஒரு வரி. புக் ஓசில வந்ததா, எழுத்தாளர் தெரிஞ்சவரா, ஆமான்னா அதையும் எழுதணும்.

5. கடைசில புக் எங்க கிடைக்கும்னு போடுங்க. சின்ன பதிப்பகம்னா கடைல தேடினா கிடைக்காது, எனக்கே கூரியர்லதான் மலை ஏறி வருது. எழுத்தாளர் பேர அட்டைல இருக்குற மாதிரியே, இனிஷியலோட டைப் பண்ணுங்க, அந்தப் பேர தேடி வர்றவங்களுக்கு உங்க பக்கம்தான் மொதல்ல தெரியப் போகுது.