குட்டி ஆஸிலாஸ்கோப் கிட்: யாருக்கு ஆகும், எப்படிக் கட்டுவது

மாடி வீட்டுத் தம்பி போன வாரம் போனும் கையுமாக வந்தான். திரையில் டி.எஸ்.ஓ. 138 கிட்: வோல்டேஜ் ஏறி இறங்குவதை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப், பாகங்களை ஈயம் வைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். "அண்ணே, 20 டாலர் அளவுதான். வேலைக்கு ஆகுமா, பொம்மையா?" என்றான். "எதைப் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டேன். அதற்குப் பதில் தெரியாமல் இதை வாங்கக் கூடாது.

இந்தக் கிட் நொடிக்கு 10 லட்சம் தடவை அளவெடுக்கும். 200 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2 லட்சம் அலை வரை காட்டும் என்று எழுதியிருப்பார்கள். வகுத்துப் பாருங்கள், 200 கிலோ ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு ஐந்தே புள்ளிதான் கிடைக்கும். ஐந்து புள்ளியில் அலை எப்படி இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? 20 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் 50 புள்ளி, அது கண்ணுக்குப் போதும். ஆகவே ஆம்ப்ளிஃபையர், ஆர்டுயினோ (புரோகிராம் போடும் குட்டி போர்டு), ரிமோட் ரிசீவர், நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் லைன் இதெல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். பழைய ரேடியோவின் 455 கிலோ ஹெர்ட்ஸ் பகுதிக்கு ஆகாது. போன் சார்ஜர் ரிப்பேருக்கும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் சுவிட்சிங் இதற்கு வேகம் அதிகம், அதோடு அந்தப் பக்கம் ஆளைக் கொல்லும் வோல்டேஜ்.

வாங்கும்போது போர்டின் மேலேயே ஒட்டும் சின்னச் சின்ன எஸ்.எம்.டி. பாகங்களை ஏற்கெனவே ஈயம் வைத்துத் தரும் வகையைக் கேளுங்கள். மீதி ஒரு சாயங்கால வேலை. நான் இருக்கும் யாங்கூனில் அந்தச் சாயங்காலத்துக்கு நடுவே கரண்ட் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். நான் அப்படித்தான் மாட்டினேன்.

கரண்ட் போனதும் டார்ச் வெளிச்சத்திலேயே ரெசிஸ்டர் வைத்துக்கொண்டிருந்தேன். நீல உடம்பு, ஐந்து வளையம். 20 கிலோ ஓமுக்கும் 200 கிலோ ஓமுக்கும் நாலாவது வளையம் மட்டுமே வித்தியாசம்: ஒன்றில் சிவப்பு, மற்றதில் ஆரஞ்சு. இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். மறுநாள் புது பேட்டரி செல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் 14 வோல்ட் காட்டுகிறது! 10 மில்லிவோல்ட் ரேஞ்சில் சரி, 0.1 வோல்ட் ரேஞ்சில் ஒன்பதில் ஒரு பங்கு, 1 வோல்ட் ரேஞ்சில் ஒன்பது மடங்கு. உள்ளே வரும் வோல்டேஜைப் பத்தாகவும் நூறாகவும் பிரிக்கிற ரெசிஸ்டர்கள் அவைதான் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. நீங்கள் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்து வையுங்கள்.

போர்டு முடிந்ததும் திரையை உடனே மாட்டாதீர்கள். 9 வோல்ட் கொடுத்து டி.பி. 22 என்ற புள்ளியில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கரண்டை எடுத்துவிட்டு போர்டில் ஜே.பி. 4 என்று எழுதிய இடத்தை ஒரு சொட்டு ஈயத்தால் இணையுங்கள், அப்புறம் திரை. பவருக்கு விலை மலிந்த அடாப்டர் வேண்டாம், அதன் இரைச்சலே திரையில் முள் முள்ளாக வரும். நான் ஆறு பேனா பேட்டரி போட்டு ஓட்டுகிறேன், கரண்ட் போனாலும் கவலை இல்லை.

அடுத்தது டிரிம்மர், அதாவது திருகிச் சரிசெய்யும் குட்டிக் கண்டென்சர்கள். போர்டிலேயே 1 கிலோ ஹெர்ட்ஸ் சோதனை வளையம் இருக்கிறது, சிவப்புக் கிளிப்பை அதில் மாட்டுங்கள். ரேஞ்ச் சுவிட்சை 0.1 வோல்ட்டிலும், அதைப் பெருக்கும் சுவிட்சை எக்ஸ் 5-இலும் வைத்து சி 4 என்ற டிரிம்மரைத் திருப்புங்கள். சதுர அலையின் மூலை மழுங்கியும் இருக்கக் கூடாது, கொம்பு முளைத்தும் இருக்கக் கூடாது. பிறகு 1 வோல்ட், எக்ஸ் 1-இல் சி 6-ஐ அதேபோல. இதைச் செய்யாமல் "கிட் தண்டம்" என்று சொல்பவர்கள் நிறைய.

எனக்கு இது போட்ட காசை மீட்டுத் தந்தது எங்கள் தெருக் கோயில் ஆம்ப்ளிஃபையரில். பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். ஒயரை மாற்றினார்கள், மைக்கை மாற்றினார்கள், போகவில்லை. 30 வோல்ட் டி.சி. லைனில் ஏ.சி. கப்ளிங் வைத்து, அதாவது நிலையான வோல்டேஜை மறைத்து ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்தேன், ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. பல்லுக்குப் பல் 10 மில்லி செகண்ட், அதாவது 100 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் கரண்டை டயோடு பாலம் திருப்பிவிட்டால் வருவது அதுதான், ஆக ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. 20 மில்லி செகண்டாக இருந்திருந்தால் ஒயரிலோ எர்த்திலோ தேடியிருப்பேன். கண்டென்சரை மாற்றியதும் கோடு படுத்துவிட்டது, பூசாரிக்கும் நிம்மதி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இதன் வாயில் 50 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்றாலும் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். நேராக மாட்டினால் கிட்டும் போகும், கையும் போகும். இன்வெர்ட்டர் அலையைப் பார்க்க ஆசை என்றால், மூடிய பெட்டிக்குள் இருக்கும் 230-க்கு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, 9 வோல்ட் பக்கத்தில் மட்டும் கிளிப் போடுங்கள். திரையில் கட்டத்துக்கு 5 வோல்ட், 5 மில்லி செகண்ட் என்று வையுங்கள்.

தம்பிக்கு அதைத்தான் காட்டினேன். இன்வெர்ட்டரில் ஓடும்போது படிக்கட்டு மாதிரி அலை. "அதனால்தான் ஃபேன் உறுமுகிறதா?" என்றான். சொல்லி முடிப்பதற்குள் தெருவில் பிள்ளைகள் பர்மிய மொழியில் "மீ லா பி!" என்று கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டதாம். படிக்கட்டு ஒருமுறை துள்ளி, உருண்டையான மலையும் பள்ளமுமாக மாறியது. மலை உச்சி மட்டும் கொஞ்சம் தட்டையாக இருந்தது. அது ஏன் என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.