வலது சரி, இடதில் போல்ட் ஏறவில்லை

கொழும்பு மட்டக்குளிப் பட்டறையில் சிஎன்சி மெஷினில் (கணினிக் கட்டளையில் ஓடும் வெட்டு இயந்திரம்) ஒரு அலுமினிய பிராக்கெட், இடது வலது ஜோடி. வலது சரி. அதே புரோகிராமை ஜி51.1 (மிரர், அதாவது கண்ணாடி பிம்பமாக்கும் கட்டளை) போட்டு எக்ஸ் அச்சில் திருப்பினால் வெட்டிய சுவர் சொரசொரப்பு. எம்12 துளைகளில் போல்ட் ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை. புது எண்ட்மில் (சுவர் வெட்டும் கருவி), குறைத்த ஃபீட் (கருவி நகரும் வேகம்), திரெட் மில் (துளைக்குள் சுற்றிவந்து புரி வெட்டும் கருவி) ஆஃப்செட்டில் 0.05 மி.மீ. மாற்றம் என்று 3 நாள் வீண்.

துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரி (மரை) எதிர்ப்பக்கம் சரிந்திருப்பது தெரிந்தது. மிரர் ஜி03ஐ (இடஞ்சுழி வட்டப் பாதை) ஜி02 (வலஞ்சுழி) ஆக்கும், இசட் ஏற்றத்தை, அதாவது கருவி மேலேறுவதை, தொடாது. கிடைப்பது இடப்புரி! (டேப், அதாவது தன் வடிவிலேயே புரி உள்ள கருவி, போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.) கிளைம்ப் வெட்டும் (வெட்டும் பல்லும் பொருளும் ஒரே திசையில் நகர்வது) எதிர்வெட்டாகிவிடும், சுவர் கெட்டது அதனால்.

ஜி51.1ஐத் தூக்கினேன். கேம் (CAM, வெட்டுப் பாதை உருவாக்கும்) மென்பொருளில் மாடலையே மிரர் பண்ணி, பாதைகளைக் கிளைம்பாகவே மறுபடி எடுத்தேன். துளைகளுக்கு மையம் மட்டும் திரும்பும், புரிவெட்டு பழைய ஜி03. சாய்முகங்களில் பி, சி கோணங்களின் (ஒய், இசட் அச்சுகளைச் சுற்றிய திருப்பம்) குறி மாறும், ஏ (எக்ஸைச் சுற்றியது) மாறாது. போல்ட் கையாலேயே இறங்கியது.