குளிர் ஊரில் கணனி ஃபேன் பழுதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் யாரிடமாவது கணனி ஃபேன் பற்றிப் பேசினால் "இந்தக் குளிருக்கு ஃபேன் எதுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். கொழும்பில் அறை 30 பாகை செல்சியஸ் என்றால் இங்கே 15 என்று வையுங்கள். புரொசசரோ நகத்தளவுச் சில்லு, சாதாரண ஒன்றே 65 வாட் அளவுக்கு வெப்பம் கக்கும். ஃபேன் நின்றுபோனால் குளிர் தந்த அந்த 15 பாகை லாபம் சீக்கிரமே கரைந்துவிடும். சாகப்போகிற ஃபேனைக் கொஞ்சக் காலம் நமக்குத் தெரியாமல் மறைத்து வைப்பதுதான் குளிர் செய்கிற வேலை. அதனால் பெட்டியைத் தொட்டுப் பார்த்து "சுடவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் சத்தம்

விடியற்காலைக் குளிரில் கணனியைப் போட்டதும் கர்ர்ர் என்று அரைத்து, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்குகிறதா? பெரும்பாலானோர் "அடங்கிவிட்டது, சரி" என்று விட்டுவிடுவார்கள், ஆனால் இதுதான் முதல் எச்சரிக்கை. மலிவான ஃபேன்களின் பெயரிங்கில் (அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி) இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் காய்ந்துபோகும், மிச்சம் இருப்பதும் குளிரில் இறுகிக்கொள்ளும், சூடேறினால் இளகும். டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்டால் ஏதாவது வயர் இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். சத்தம் ஹார்ட் டிஸ்கில் இருந்து வந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு முதலில் உங்கள் கோப்புகளை வேறு இடத்தில் கொப்பி எடுங்கள்.

பெட்டியைத் திறந்து பார்ப்பது

கணனியை நிறுத்தி, சுவர் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடுங்கள், நிலைமின் பாய்ந்து மதர்போர்ட் போனால் ஃபேன் விலையோடு முடியாது. சால்வையும் வேண்டாம்.

இப்போது புரொசசர் மேல் இருக்கும் ஃபேனை விரலால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல ஃபேன் சில சுற்றுச் சுற்றி மெதுவாக நிற்கும். சுண்டியதும் சட்டென்று நின்றாலோ உரசினாலோ பெயரிங் தேய்ந்துவிட்டது. சுற்றும்போது காந்தம் இழுப்பதுபோல் லேசாகத் தட்டுவது இயல்புதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுவைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது.

தூசியையும் பாருங்கள். பனிமூட்டம் ஜன்னல் வழியே வந்து போகும் வீட்டில், அதுவும் விறகடுப்புப் புகை சேர்ந்தால், தூசி கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், புளோவர் பிடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கண்டபடி சுழன்று பெயரிங்கை இன்னும் கெடுக்கும்.

எண்களைப் பார்ப்பது

மீண்டும் போடும்போது டெலிட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) திறக்கும். ஹார்ட்வேர் மானிட்டர் என்பது போன்ற பக்கத்தில் ஃபேன் வேகம் ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று இருக்கும். வேகம் பூச்சியம் என்று காட்டுகிறது, ஆனால் ஃபேன் கண்ணெதிரே சுற்றுகிறது என்றால் வேகத்தைச் சொல்லும் மூன்றாவது வயர் விட்டுப்போயிருக்கலாம், அல்லது யாரோ கழற்றி மதர்போர்டின் வேறு பின்னில் செருகியிருக்கலாம். எண் மேலும் கீழும் குதித்தால் ஃபேன் திணறுகிறது.

அப்புறம் விண்டோஸில் எச்டபிள்யூமானிட்டர் (HWMonitor) போன்ற, வெப்பநிலை காட்டும் மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய ஃபோல்டர் ஒன்றை ஸிப் (zip) பண்ணிச் சுருக்கவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். இங்கேதான் பலர் தேவையில்லாமல் புது ஃபேன் வாங்குகிறார்கள். வெப்பநிலை நிமிடக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறி 90ஐத் தாண்டினால், வேகமும் குறைவாக இருந்தால், ஃபேன்மேல் சந்தேகப்படலாம். வேலை கொடுத்த சில விநாடிகளிலேயே 90க்கு மேல் பாய்ந்தால், ஃபேன் நன்றாகச் சுற்றினால், அது ஹீட்சிங்க் (ஃபேனுக்கு அடியில் வெப்பத்தை இழுக்கும் உலோகக் கட்டி) சரியாக ஒட்டாத கதை: அதற்கும் புரொசசருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது நான்கு பிளாஸ்டிக் பூட்டுகளில் ஒன்று கழன்றிருக்கும்.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது

இன்னும் சந்தேகமா? கணனியை நிறுத்திவிட்டு, பெட்டியின் பின்பக்க ஃபேன் வயரை மதர்போர்டில் சிபியு ஃபேன், அதாவது புரொசசர் ஃபேன், செருகும் பின்னில் செருகுங்கள் (மூன்று துளை பிளக் நான்கு பின்னில் போகும்). பயோஸ் வரை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு உடனே நிறுத்துங்கள். அது சுற்றினால் மதர்போர்ட் நன்றாகவே இருக்கிறது, குறை பழைய ஃபேனில். அதுவும் சுற்றாவிட்டால் கடைக்காரரிடம்தான் போகவேண்டும்.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பின்பக்க வலையில் ஒரு டிஷூத் துண்டைத் தொங்கவிட்டால் காற்று வருகிறதா என்று தெரியும். சில புதிய பவர் சப்ளைகளும் கிராஃபிக்ஸ் கார்ட்களும் வேலை குறைவாக இருக்கும்போது ஃபேனை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும், எனவே வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

புது ஃபேன் வாங்க டவுனுக்குப் போகும்வரை சமாளிக்க, நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது 24 பாகைக்குக் கீழே உறையும், நம் ஊரில் போத்தலிலேயே கட்டியாகிவிடுகிறதே! கடைக்குப் போகும்போது பழைய ஃபேனைக் கையோடு கொண்டுபோங்கள்: 80, 92, 120 மில்லிமீட்டர் என்று அளவு மாறும், பின் எண்ணிக்கை மாறும், புரொசசர் ஃபேன் என்றால் சொக்கெட்டும் (மதர்போர்டில் புரொசசர் உட்காரும் இடத்தின் வகை) பொருந்தவேண்டும். மாட்டிய பிறகு மறுநாள் காலைக் குளிரில் ஒருமுறை பயோஸைத் திறந்து வேகத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட அந்த எண் வேண்டும்.