உல்லன் ஊசியோடு டெல்லிக்குக் குடிபோகிறவர்களுக்கு

குன்னூரில் நான் வளர்ந்த தெருவில் உல்லன் பின்னத் தெரியாத அம்மாக்கள் குறைவு. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மா பின்னுவதைப் பார்த்துப் பார்த்துக் கை தானாகப் பழகியது. மத்திய அரசுத் தேர்வில் தேறி, டெல்லியில் வேலை என்று ஆணை வந்தபோது எனக்கு 27 வயது. இந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பேச வராது. முனிர்காவில் மொட்டைமாடியோடு ஒட்டிய ஒற்றை அறை கிடைத்தது. முதல் இரண்டு மாதம் அலுவலகத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர நான் யாரோடும் பேசியதாக நினைவில்லை. சனி ஞாயிறு முழுக்க வாயே திறக்காமல் போயிருக்கிறது.

அதை மாற்றியது பெட்டிக்கு அடியில் கிடந்த பாதி ஸ்வெட்டர். இது எனக்கு ஆறாவது குளிர்காலம். பின்னத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் தனியாக இருக்கவே வேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஊரிலிருந்து வேலை கிடைத்து வரும் பெண்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதைக் கொண்டு வருவது

ஊசிகளைக் கொண்டு வாருங்கள், கம்பளி நூலைக் கொண்டு வராதீர்கள். வர்த்மான், ஓஸ்வால், கங்கா என்று நாம் ஊரில் வாங்கும் நூல் எல்லாம் லூதியானாவிலிருந்து வருவதுதான். டெல்லி அதற்குப் பக்கத்து ஊர் மாதிரி. இங்கே வண்ணமும் அதிகம், விலையும் குறைவு. பருத்தி நூல் மட்டும் நான்கைந்து கண்டு எடுத்து வையுங்கள். ஏன் என்று கோடை வரும்போது சொல்கிறேன்.

ஊசியில் வட்ட ஊசி (இரண்டு குட்டை முனைகளை வளையும் கம்பி இணைப்பது) ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இங்கே கடைகளிலும் பழைய பிரிட்டிஷ் எண்தான் புழக்கத்தில் இருக்கிறது, எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. இணையத்தில் பார்க்கும் மாதிரிகள் மில்லிமீட்டரில் சொல்லும் என்பதால் இந்த மூன்றையும் மனதில் வைத்திருந்தால் கடையில் தடுமாற வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். கரோல் பாகில் ஒரு கடையில் முதல் தடவை ஊசி கேட்டபோது கடைக்காரர் எடுத்துப் போட்டது போனி என்ற பிராண்ட் ஊசி. அது எங்கள் மலையில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் செய்வது. பள்ளிக்கூட நாளில் அந்தத் தொழிற்சாலைப் பக்கமாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மொழி தெரியாத கடையில், அந்தச் சாம்பல் நிற ஊசியைக் கையில் வாங்கியபோது தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டில் ஏற்கெனவே 10ஆம் எண் ஜோடி இரண்டு இருந்தும் இன்னொன்று வாங்கினேன்.

வெயிலில் போய் உட்காருங்கள்

குன்னூர்க் குளிர் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பது. டெல்லியில் ஜூனில் 45 டிகிரி, ஜனவரி விடியற்காலையில் 4, 5 டிகிரி. வீடுகள் கோடைக்காகக் கட்டியவை என்பதால் குளிர்காலத்தில் சுவரும் தரையும் ஐஸாகிவிடும். வீட்டுக்குள்தான் குளிர், வெளியேதான் சூடு. அதனால் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை டெல்லியே வெயிலுக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டில், பார்க்கில் பாய், அலுவலகப் புல்வெளியில் மதிய உணவு இடைவேளைக் கூட்டம். இந்த மூன்று இடத்திலும் பின்னுகிறவர்கள் இருப்பார்கள். முன்னளவு இல்லை என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள், ஆனாலும் இருக்கிறார்கள்.

அங்கே கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். பின்னலோடு போங்கள், பேச்சை நீங்கள் தொடங்க வேண்டிய அவசியம் வராது. உங்கள் மடியில் இருப்பதைப் பார்த்து அவர்களே கேட்பார்கள்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு உரிமையாளரின் பாட்டி, எல்லாரும் தாதிஜி என்று கூப்பிடுவார்கள், மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். கையை நீட்டினார். கொடுத்தேன். ஸ்வெட்டரின் பார்டரை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது நெகிழவில்லை. "டைட் ஹை, பேட்டி" (இறுக்கமாக இருக்கிறது, மகளே) என்றார். பிறகு என்னிடமிருந்த இன்னொரு ஜோடி ஊசியை எடுத்து, இரண்டு ஊசியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, அந்த இரட்டைத் தடிமன் மேல் கண்ணி, அதாவது பின்னலின் முதல் நூல் வளையங்களை, போடத் தொடங்கினார். இருபது கண்ணி போட்டதும் ஓர் ஊசியை மெல்ல உருவினார். மிச்ச ஊசியில் கண்ணிகள் எல்லாம் தளர்வாக, ஒரே அளவாக நின்றன. ஆரம்ப விளிம்பு இறுகாமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்கு இன்றுவரை தெரியாது. இருபது வருடம் பின்னியும் என் அம்மாவுக்கும் தெரியாத வித்தை. அன்று இரவே போனில் சொன்னேன்.

அதோடு, "தஸ் சலாயி பார்டர்" என்றும் சொன்னார். சலாயி என்றால் ஊசி என்று கடையில் கற்றிருந்தேன். பத்து ஊசி எதற்கு என்று விழித்தேன். அவர் ஒரு வரிசை பின்னிக் காட்டி "ஏக் சலாயி" என்றார், திருப்பி இன்னொரு வரிசை பின்னி "தோ" என்றார். ஊசிக்கும் சலாயி, வரிசைக்கும் சலாயி.

உங்களுக்குத் தேவையான இந்தி இவ்வளவுதான் தொடக்கத்தில்: ஊன் என்றால் கம்பளி. கண்ணிக்கு ஃபந்தா. நிட் (நேர்ப் பின்னல்) பின்னுவது ஸீதா, பர்ல் (அதன் மறுபக்கம் போலத் தெரியும் பின்னல்) பின்னுவது உல்டா. "ஏக் ஸீதா, ஏக் உல்டா" என்றால் ஒன்றுக்கு ஒன்று ரிப், பார்டருக்குப் போடும் நெகிழும் வரிப் பின்னல். கண்ணி கூட்டுவது படானா, குறைப்பது கடானா. கழுத்து கலா, கை பாஜூ, அளவு நாப், உருண்டை கோலா, சுற்றாத நூல்சரம் லச்சி. ஓட்டை வைத்துப் பின்னும் டிசைனுக்கு ஜாலி. கூடவே நூறு வரைக்கும் எண்கள். கண்ணி எண்ணி எண்ணித்தான் எனக்கு இந்தி எண்கள் படிந்தன. காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் துணிச்சல் வந்தது அதற்குப் பிறகுதான்.

நூல் வாங்கும்போது

டெல்லியில் ஒவ்வொரு மார்க்கெட்டுக்கும் வார விடுமுறை உண்டு. கரோல் பாக், லாஜ்பத் நகர், சரோஜினி நகர் மூன்றுக்கும் திங்கட்கிழமை. லீவு போட்டுவிட்டுத் திங்களன்று கிளம்பாதீர்கள்.

அதைவிட முக்கியம், இங்கே கம்பளி நூல் பருவச் சரக்கு. தசராவை ஒட்டி அடுக்குவார்கள், மார்ச் வந்தால் பல கடைகளில் எடுத்துவிடுவார்கள். நம் மலையில் வருடம் முழுக்கக் கிடைத்துப் பழகியதால் எனக்கு இது தெரியவில்லை. முதல் வருடம் ஒரு கடையில் 400 கிராம் கத்தரிப்பூ நிறம் வாங்கி, போதவில்லை என்றால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு கைக்கு நூல் பற்றாமல் திரும்பிப் போனபோது அந்த அலமாரியில் பருத்தித் துப்பட்டாக்கள் தொங்கின. வேறு கடையில் அதே எண், அதே நிறம் கிடைத்தது. ஆனால் சாய லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி, வேறு. வெயிலில் பார்த்தால் கை மட்டும் நீலம் ஓடியது.

அதனால் வாங்கும்போதே உறையில் இருக்கும் லாட் எண்ணை எல்லாப் பாக்கெட்டிலும் ஒப்பிடுங்கள். நடுத்தர உடம்புக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால் 500 கிராம் கணக்கு வைத்து, மேலே 50 கிராம் சேர்த்து வாங்குங்கள். மிஞ்சினால் சாக்ஸாகும். எங்கேயாவது மாட்டிக்கொண்டால், இரண்டு கையின் மணிக்கட்டு, கழுத்து, கீழ் பார்டர் நான்கையும் பிரித்து, மீளும் நூலில் கையை முடித்து, அந்த நான்கையும் வேறு நிறத்தில் பின்னிவிடுங்கள். வேண்டுமென்றே செய்த மாதிரி அழகாக இருக்கும். நான் அப்படித்தான் அந்த ஸ்வெட்டரைக் கரை சேர்த்தேன், இன்றும் போடுகிறேன்.

முதலில் கட்டைவிரல் சாக்ஸ்

வந்த முதல் குளிர்காலத்தில் ஸ்வெட்டரில் கை வைக்காதீர்கள். ஸ்வெட்டர் கடையில் கிடைக்கும். உங்களை வாட்டுவது தரை. வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்க முடியாது, சாக்ஸ் போட்டால் செருப்பு நுழையாது. அதற்கு இங்கே பெண்கள் போடுவது கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ். பாதத்துக்கு அளவாக நீங்களே பின்னினால்தான் இதம்.

12ஆம் எண்ணில் இருமுனை ஊசி ஒரு செட். மெல்லிய நூலில் 48 கண்ணி, தாதிஜி முறையில் தளர்வாகப் போடுங்கள். இரண்டு ஸீதா இரண்டு உல்டாவாகக் கணுக்கால் உயரம். 24 கண்ணியில் குதிகால், நீங்கள் வழக்கமாகப் போடுவது போலவே. பாதம் 48 கண்ணியில் வளரட்டும். கட்டைவிரல் பிரியும் இடம் வந்ததும் நிறுத்துங்கள்; காலில் மாட்டிப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். உள்பக்க ஓரத்தில் மேலே 8, கீழே 8, ஆக 16 கண்ணியை ஒரு நூலில் கோத்து ஒதுக்குங்கள். மிச்சம் 32. இடைவெளியில் புதிதாக 4 போட்டு 36 ஆக்கி நான்கு விரலுக்கும் சேர்த்துப் பின்னி, நுனியில் குறைத்து முடியுங்கள். பிறகு ஒதுக்கிய 16ஐ எடுத்து, அந்த நான்கின் அடியிலிருந்து 4 தூக்கி, 20 கண்ணியில் கட்டைவிரல். இடது காலுக்கு ஒதுக்கும் பக்கம் எதிர்ப்பக்கம் என்பதை மறக்காதீர்கள். விரல் இடுக்கில் சின்ன ஓட்டை விழும், நூல் முனையை வெட்டாமல் வைத்திருந்து உள்பக்கமாகத் தைத்து மூடுங்கள்.

இரண்டாவது ஜோடியை உங்களுக்கு வெயிலில் இடம் கொடுத்தவருக்குப் பின்னுங்கள். தாதிஜிக்கு மெரூன் நிறத்தில் கொடுத்தேன். அன்று முதல் வாரம் ஒருநாள் மூலிப் பராட்டா (முள்ளங்கி வைத்தது) என் அறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

மெட்ரோவில்

முனிர்காவிலிருந்து ஹௌஸ் காஸ் போய் மஞ்சள் பாதைக்கு மாறி, எட்டாவது ஸ்டேஷன் படேல் சௌக்கில் இறங்குகிறேன். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. அங்கே வட்ட ஊசியில் மட்டும் பின்னுங்கள், நீள ஊசி பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்கும். நுழைவாயிலில் பையை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். கத்தரிக்கோலை வீட்டிலேயே விடுங்கள். நூல் வெட்டும் வேலையை வீட்டுக்கு ஒத்திப்போடலாம். எண்ணிக்கை தேவைப்படும் டிசைனும் வேண்டாம், வழியில் ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் கூட்டம் ஏறும்போது எண்ணிக்கை கலைந்துவிடும். உட்கார இடம் கிடைத்த நாளில் வெறும் ஸீதாவில் மஃப்ளர் நன்றாக வளரும்.

ஐ.என்.ஏ.வில் ஒருநாள் இறங்கி தில்லி ஹாட் கைவினைச் சந்தைக்கும் போய் வாருங்கள். இமாசலம், காஷ்மீர் கடைகளில் கம்பளி வேலையைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு பாடம்.

தமிழ் கேட்க வேண்டும் என்று ஏங்கும் நாளில் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போங்கள். சுவாமிநாதரைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கினால் நிச்சயம் யாராவது ஒரு மாமி "எந்த ஊரும்மா" என்று கேட்பார்.

தீபாவளிக்குப் பிறகு நவம்பரில் காற்று மிக மோசமாகிவிடும். அந்த நாட்களில் மாடியில் உட்கார வேண்டாம், பின்னலையும் மூடிய பையில் வையுங்கள்; கம்பளி புகை வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

கோடையில்

மே, ஜூனில் அக்ரிலிக் நூலைத் தொட முடியாது. விரல் வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும். நான் முதல் கோடையில் பின்னலையே விட்டுவிட்டேன், மறுபடி தனிமை வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வருடம் அம்மா அனுப்பிய பருத்தி நூலில் குழந்தைத் தொப்பி, கைத்துண்டு, குரோஷா ஓரம் என்று சின்ன வேலையாக எடுத்தேன். விடிகாலை ஐந்தரைக்கு மாடியில் கொஞ்சம் காற்று இருக்கும், தாதிஜியும் வருவார். நடுக்கோடையிலும் கையில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஆகஸ்ட் மழையில் ஸ்வெட்டரைத் தொடங்கினால் தீபாவளிக்குள் ஒரு முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்திருக்கும்.

மார்ச்சில் எடுத்து வைக்கும்போது எல்லாவற்றையும் அலசி, கொடியில் தொங்கவிடாமல், துண்டின் மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். அக்ரிலிக்கைப் பூச்சி தொடாது. சுத்தக் கம்பளியை அரிக்கும். டெல்லி வீதிகளில் வேப்ப மரத்துக்குக் குறைவில்லை. ஒரு கொத்து உடைத்து வந்து, மொறமொறவென்று காய்ந்த பிறகு பழைய துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியின் நான்கு மூலையிலும் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் கறை பிடிக்கும்.