மலைத்தோட்டத்தில் அழகுக் கோரை: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

நர்சரியில் 120 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து நட்ட செடி, நாலாம் நாள் காலையில் வேரோடு பிடுங்கப்பட்டு வரப்பில் வாடிக் கிடந்தது. களை எடுக்க வரும் அக்காவின் வேலை. கேட்டால், "கோரைதானே தம்பி அது? கேரட் பாத்தியில ஒண்ணை விட்டா அடுத்த மாசம் ஊரையே கூட்டிட்டு வந்துடுமே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோரையை விலை கொடுத்து வாங்குகிறவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கோரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பத்தமடைப் பாய், அப்புறம் வயலில் அழியாத களை, அப்புறம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் முத்தக்காசு. பின்னது இரண்டும் ஒரே செடிதான். களையின் கிழங்குதான் மருந்து. ஆனால் கோரைக் குடும்பத்தில் கேரெக்ஸ் என்று ஒரு பெரிய கிளை இருக்கிறது. குளிர்ந்த, ஈரமான இடங்களில் கொத்துக் கொத்தாக, நீரூற்று பொங்கி வழிவதுபோல் இலை தாழ்த்தி வளரும். நம் சோலை ஓரங்களிலும் சதுப்புகளிலும் அதன் காட்டு வகைகள் உண்டு. ஜப்பானிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த வகைகள்தான் தோட்டச் செடியாக விற்கப்படுகின்றன. சமவெளி வெயிலில் திணறும் இவை, நம் மலைக் குளிரில் பெரிய கவனிப்பு கேட்காமல் வளரும்.

நான் இருப்பது கோத்தகிரியில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தும். உதகை 2,240 மீட்டர். அங்கே உறைபனிக்காகச் சில மாற்றங்கள் வேண்டும். கொடைக்கானல் இரண்டுக்கும் நடுவில்.

1. வாங்கும்போது கோரைதானா என்று பாருங்கள்

நர்சரியில் நீளமாக இலை வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் "கிராஸ்" என்றுதான் பெயர். மாண்டோ கிராஸ் புல்லும் இல்லை, கோரையும் இல்லை. வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் பிளாண்டைக் கோரை என்று கொடுத்தவர்களும் உண்டு.

பூத்தண்டு இருந்தால் சோதனை சுலபம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். புல் என்றால் பென்சில்போல் வழுவழுவென்று உருளும். கோரை உருளாது, மூன்று முனையும் விரலில் தட்டும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே குழாயாக இருக்காது, நிறைந்திருக்கும். தண்டில் கணு தெரியாது. தண்டு இல்லாத சிறு செடி என்றால் மேலிருந்து குனிந்து பாருங்கள்: இலைகள் மூன்று திசையில் அடுக்கடுக்காகக் கிளம்பியிருக்கும். புல்லில் இரண்டே திசை.

ஒருமுறை மஞ்சள் கோரை என்று ஒன்றை வாங்கி வந்தேன். இலை விசிறிபோல் தட்டையாக விரிந்திருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இலை நுனியைக் கசக்கியதும் கைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசம் அடித்தது. வசம்பு! சரியாகச் சொன்னால் வசம்பின் சின்னத் தங்கை, அலங்காரத்துக்கு வளர்க்கும் குட்டை இனம். நல்ல செடிதான், இப்போதும் தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் இருக்கிறது. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. ஆகவே இலையை லேசாகக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

2. இடத்தைப் பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கோரை என்றால் தண்ணீரில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். சில வகைகள் நிற்கும். கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை வேர் அழுகிப் போய்விடும்.

பாதி நிழல், ஈரம் இருந்தும் தண்ணீர் தேங்காத இடம்: இதற்கு ஜப்பானிய வகைகள். எவர்கோல்டு எல்லோருக்கும் ஏற்ற முதல் செடி. இலையின் நடுவில் வெண்ணெய் மஞ்சள், இரு ஓரமும் பச்சை, உயரம் ஒரு அடிதான். எவெரிலோ முழுக்க எலுமிச்சைப் பச்சை. ஐஸ் டான்ஸ் ஓரத்தில் வெள்ளை பிடித்து மெல்லப் படரும். சில்வர் ஓக் நிழலிலோ, காலை வெயில் மட்டும் விழும் கிழக்குச் சுவர் ஓரத்திலோ வையுங்கள். மார்ச், ஏப்ரல் மாத மதிய வெயில் இங்கே குளிர்ந்த காற்றோடு வருவதால் உறைக்காத மாதிரி இருக்கும். இலை நுனி கருகிய பிறகுதான் தெரியும்.

நல்ல வெயில் படும் இடம்: நியூசிலாந்து வகைகள். புக்கனானி என்பது செம்புக் கம்பிபோல் நிமிர்ந்து இரண்டு அடி வரை போகும். கோமன்ஸ் தலைமுடிபோல் தரையில் வழியும். நிழலில் வைத்தால் இவற்றின் செம்பு நிறம் மங்கிவிடும்.

எப்போதும் ஈரமான இடம், குளத்து ஓரம்: குடைக்கோரை. நர்சரியில் அம்ப்ரெல்லா பாம் என்று கேட்டால் தருவார்கள், அதற்கும் பனைக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. தண்ணீருக்குள்ளேயே தொட்டியை இறக்கி வைக்கலாம். பாப்பிரஸும் இதே இனம்தான். பழைய எகிப்தில் எழுதும் தாள் செய்த செடி. ஆள் உயரத்தைத் தாண்டும். ஆனால் உறைபனி தாங்காது, உதகைக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம்.

காட்டிலிருந்தும் சதுப்பிலிருந்தும் ஒரு கொத்தைப் பெயர்த்து வருவது மட்டும் வேண்டாம். பெரும்பாலும் அது வனத்துறை நிலம். அது ஒரு பக்கம் இருக்க, கோடையில் நம் ஓடைகளில் தண்ணீர் ஓடுவதே அந்தச் சதுப்புகள் பிடித்து வைத்து விடுவதால்தான்.

3. நடுதல்

ஏற்ற காலம் கோடை மழை விழுந்த பிறகு, மே கடைசி அல்லது ஜூன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான் வரும். அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும்.

குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் இரண்டு மடங்கு, ஆழம் வேர்க்கட்டி அளவு மட்டும். எடுத்த செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமோ இலைமட்கோ கலந்துகொள்ளுங்கள். களிமண்ணாக ஒட்டினால் கொஞ்சம் மணல். தேயிலை இருந்த நிலம் அமிலத்தன்மையோடு இருக்கும்; அதற்காகச் சுண்ணாம்பைத் தேடி ஓட வேண்டாம், இலேசான அமில மண் கோரைக்குப் பிடித்தமானதுதான்.

பாலித்தீன் பையைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் கீறி அவிழ்த்துவிடுங்கள். இலைகள் எல்லாம் கிளம்பும் அடிப்பகுதியைச் செடியின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கழுத்து தரை மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும், ஒரு விரற்கடை மேலே நின்றாலும் பரவாயில்லை. மண்ணுக்குள் புதைந்தால் முதல் பெருமழையிலேயே நடு அழுகும். என் முதல் எவர்கோல்டு மூன்றில் இரண்டு போனது இப்படித்தான். காற்றில் சாயக்கூடாது என்று நன்றாக மண் அணைத்தேன், தக்காளிக்கு அணைப்பதுபோல.

சரிவில் நட்டால் மேலிருந்து கீழாக வரிசை போடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக நடுங்கள். சல்லி வேர்கள் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேல்மண் கரைவதைத்தான் சொல்கிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் மலையே சரிந்ததைப் பார்த்தவர்கள், செடி வைத்துச் சரிவைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நட்ட உடனே ஒரு வாளித் தண்ணீர். மேலே சில்வர் ஓக் சருகை இரண்டு அங்குலம் பரப்புங்கள், கழுத்தைச் சுற்றி மட்டும் இடம் விட்டு. அப்புறம் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். களை எடுக்க வருபவருக்கு அது அடையாளம்.

4. தண்ணீரும் உரமும்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை இருக்காது, வறண்ட காற்று மட்டும். முதல் வருடம் அந்த மாதங்களில் வாரம் இரண்டு முறை வேர் நனைய ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு தெளிப்பதால் பயனில்லை, வேர் மேலேயே நின்றுவிடும். மண்ணுக்குள் விரலைவிட்டால் ஒரு கணு ஆழத்தில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம்.

உரம் வருடத்துக்கு ஒரு கை தொழுவுரம், ஜூன் மழையோடு. தேயிலைக்கு வாங்கிய யூரியாவில் கொஞ்சம் இதற்கும் என்று போட்டால் இலை தளதளவென்று நீண்டு தலை சாய்ந்துவிடும்.

5. வெட்டுவதா, வாருவதா

புல்லை வெட்டுவதுபோல் கோரையையும் தரையோடு மொட்டையடிப்பவர்கள் உண்டு. நான் மேலே சொன்ன கேரெக்ஸ் வகைகள் எல்லாம் வருடம் முழுக்க இலையோடு இருப்பவை. மொட்டையடித்தால் பழைய உருவம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், நியூசிலாந்து வகைகள் திரும்ப வராமலே போகலாம். இவற்றைத் தலைமுடிபோல் வார வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, அடியிலிருந்து நுனி வரை கொத்தைக் கையால் கோதுங்கள். காய்ந்த இலைகள் தாமாகக் கழன்று கையோடு வரும், பச்சை நிற்கும். பிப்ரவரி கடைசியில் ஒருமுறை கோதினால் போதும்.

கையுறை கட்டாயம். நுனியிலிருந்து அடிப்பக்கமாக ஓர் இலையின் ஓரத்தில் மெதுவாக விரல் வைத்துப் பாருங்கள், ரம்பப்பல்போல் நறநறவென்று பிடிக்கும். அவசரமாக இழுத்தால் காகிதம் கிழித்த மாதிரி விரலில் கோடு விழும். தேயிலை பறித்துக் காய்த்த கைக்கே எரியும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், மொத்த உயரத்தில் மேல்பாதிக்குக் கீழே கத்தரி போகக்கூடாது. குடைக்கோரைக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. பழுத்த தண்டை அடியோடு அறுக்கலாம்.

புக்கனானி வளர்ப்பவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. அதன் நிறமே காய்ந்த செடியின் நிறம். வீட்டுக்கு வந்த சித்தி, "ஏண்டா, இவ்வளவு காய்ஞ்சு போச்சே, தண்ணியே ஊத்தறதில்லையா?" என்று கேட்டு நான் பதில் சொல்வதற்குள் ஒரு குடம் ஊற்றிவிட்டார். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஓர் இலையை வளைத்துப் பாருங்கள். வளைந்து நிமிர்ந்தால் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் அந்த இலை போய்விட்டது. கழுத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெளிறிய பச்சை தெரியும்.

கோடு போட்ட வகைகளில் எப்போதாவது முழுப்பச்சையாக ஒரு தளிர் வரும். அதை அடியோடு பெயர்த்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பலம் அதிகம், விட்டுவைத்தால் இரண்டு வருடத்தில் கொத்து முழுக்கப் பச்சையாகிவிடும்.

6. பனிக்காலம்

நவம்பர் நீர்ப்பனி ஒன்றும் செய்யாது. டிசம்பர், ஜனவரி உறைபனிதான் கவனிக்க வேண்டியது. குளிர்ந்த காற்று தண்ணீர்போல் கீழே இறங்கித் தேங்கும். உதகைக்குப் பக்கத்தில் தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது அதனால்தான். உங்கள் தோட்டத்திலும் அடிப்பகுதியைவிடச் சரிவின் நடுப்பகுதி பத்திரமானது. ஜப்பானிய வகைகள் பனியைத் தாங்கும். குடைக்கோரையின் தலை கருகினாலும் பெரும்பாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். கருகியதை உடனே வெட்டாமல் பனி முடியும்வரை விடுங்கள். அந்தக் காய்ந்த இலைதான் கழுத்துக்குக் கம்பளி.

பூச்சித் தொல்லை குறைவு. மழையில் நத்தை இளந்தளிரைக் கடிக்கும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடலாம். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர். காட்டெருமை மிதித்தால் வைத்தியம் கிடையாது, மண்ணை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கீழே ஓடை இருந்தால், வெளிநாட்டுக் கோரைகளின் பூத்தண்டை விதை முற்றுவதற்கு முன் அறுத்துவிடுங்கள். உண்ணிச்செடியும் சீகையும் (சீயக்காய் அல்ல, வாட்டில் மரம்) அழகுக்காகவோ உபயோகத்துக்காகவோ கொண்டுவரப்பட்டவைதான், இன்று காடு முழுக்க அவைதான். குறிப்பாகப் பெண்டுலா என்ற பெரிய தொங்கு கோரையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அது விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.

7. பிரித்து நடுதல்

மூன்று நான்கு வருடத்தில் கொத்தின் நடு காய்ந்து வளையமாகும். அப்போது, ஜூன் முதல் மழையில் பிரிக்கலாம்.

முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கொத்தைச் சுற்றி மண்வெட்டியை இறக்கி மண்ணோடு தூக்குங்கள். சிறியது கையாலேயே பிரியும், பழையதற்கு ரொட்டி வெட்டும் பல்கத்தி நன்றாக உதவும். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது நாலைந்து தளிரும் அதற்கான வேரும் இருக்க வேண்டும். ஆசைப்பட்டு ஒற்றைத் தளிராகப் பிரித்தால் பாதி செத்துவிடும். இலையை மூன்றில் ஒரு பங்கு நறுக்கிவிட்டு, வேர் காய்வதற்குள் நடுங்கள். காய்ந்த நடுப்பகுதி உரக்குழிக்கு.

குடைக்கோரைக்கு மண்வெட்டியே வேண்டாம். குடையை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாக ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். சமையலறை சன்னல் ஓரத்தில் மூன்று வாரத்தில் குடையின் நடுவிலிருந்து வேரும் குருத்தும் கிளம்பும். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். தண்ணீரை வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

பிரித்து நட்டவற்றுக்கு இரண்டு வாரம் நிழல் வேண்டும். நிழல்வலை இல்லை என்றால் ஒரு பழைய சாக்கை நாலு குச்சியில் கட்டினால் போதும். புதிய இலை இரண்டு வரும்வரை உரம் எதுவும் காட்டாதீர்கள். என் எவர்கோல்டிலிருந்து போன ஜூனில் ஆறு துண்டு கிடைத்தது. இரண்டை அந்த அக்கா கேட்டு வாங்கிப் போனார், வாசல் குழாய் ஓரத்தில் வைக்க. சிவப்புத் துணி வேண்டுமா என்று கேட்டேன். "எங்க வீட்ல களை புடுங்கறது நான்தானே தம்பி" என்றார்.