பேக்க கழட்டாத பையன்: ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்கள பாத்துக்கிறவங்களுக்கு

ஹோம்வொர்க்கு, விளையாட்டு, டிராயிங், டான்ஸுன்னு எதுக்கு வேணா வரட்டும், ஸ்கூல் விட்டதும் நேரா வர்ற புள்ளைங்கள ரெண்டு மூணு மணி நேரம் வச்சு பாத்துக்கிற வேலையில நீங்க இருந்தா இது உங்களுக்குத்தான். முதல்ல ஒண்ணு, புள்ளைங்க மனசு சரியில்லன்னா பேசி சரி பண்ற மனநல கவுன்சிலர் நீங்க இல்ல, ஆகணும்னு ட்ரை பண்ணவும் வேணாம். ஆனா கவுன்சிலருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கு, அவரு வாரத்துல ஒரு மணி நேரம் பாத்தாலே பெருசு, நாம தினமும் பாக்குறோம், அதுவும் மார்க் போடாம பாக்குறோம். குணப்படுத்துறது நம்ம வேலை இல்ல. நேத்து இருந்த மாதிரி இன்னிக்கு இல்லன்னா அது நம்ம கண்ணுல படணும், அதான் வேலை.

10லேருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல ஏழு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஒரு மனநல பிரச்சனை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்டின்னா 21 பேர் உக்காந்திருக்கிற ரூம்ல மூணு பேரு. எந்த மூணு பேருன்னு நெத்தியில எழுதி ஒட்டிட்டு வரமாட்டாங்க.

வந்ததும் முதல் பத்து நிமிஷம்

இதுல தான் பாதி விஷயம் தெரியும், ஆனா நாம அந்த பத்து நிமிஷத்த அட்டெண்டன்ஸ் எடுக்குறதுலயே விட்டுடுறோம். காலைலேருந்து பெல்லு, ரூல்ஸு, டெஸ்டுன்னு அடக்கி அடக்கி வச்சிருந்தது எல்லாம் நம்ம வாசல்ல வந்துதான் வெடிக்கும், அத திமிருன்னு எடுத்துக்காதீங்க. தண்ணி, ஏதாவது சாப்பிட, பாத்ரூம், கொஞ்சம் சும்மா இருக்க விடுறது, இது நாலும் முடியட்டும். பசில இருக்கிற புள்ளையும் மனசு சரியில்லாத புள்ளையும் பாக்க ஒரே மாதிரிதான் இருப்பாங்க, பசிய முதல்ல தீத்து வச்சாதான் மிச்சம் என்னன்னு புரியும். "ஸ்கூல் எப்டி இருந்துச்சு?"ன்னு கேக்காதீங்க, "நல்லா இருந்துச்சு"ன்னு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க, அதோட கதை முடிஞ்சிரும்.

எங்ககிட்ட ஒரு பையன் வந்துட்டிருந்தான், வந்த வேகத்துல பேக்க மூலையில வீசிட்டு ஓடுற டைப்பு. ஒரு வாரம் பாத்தா வர்றான், பேக்க முதுகுலயே மாட்டிக்கிட்டு ரெண்டு பட்டையையும் கையில புடிச்சுக்கிட்டு வாசல பாத்து உக்காந்துக்கிறான். "பேக்க கழட்டி வை"ன்னு மூணு தடவ சொன்னது நான்தான், இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு. நாலாவது நாள் ஒண்ணும் சொல்லாம பக்கத்துல போயி உக்காந்து டப்பால இருந்த பென்சில எல்லாம் சீவ ஆரம்பிச்சேன், நாலஞ்சு பென்சில் சீவினதுக்கு அப்புறம் அவனே சொல்றான், "இன்னிக்கு கூப்ட யாரு வருவாங்கன்னு தெரியல." வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்க ஆரம்பிச்சிருக்காங்க, யாரு வந்தாலும் உடனே கெளம்புற மாதிரி இவன் ரெடியா இருந்திருக்கான். நாங்க பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், தினமும் மதியமே வீட்டுக்கு கேட்டு வச்சுக்கிட்டு அவன் உள்ள வரும்போதே "இன்னிக்கு அம்மா, ஆறு மணி"ன்னு சொல்லிடுவோம். கொஞ்ச நாள்ல பேக் மறுபடி மூலைக்கு பறந்துச்சு.

எத பாக்கணும்

லிஸ்ட் வச்சு டிக் அடிக்கிறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. அந்தந்த புள்ளைய அதே புள்ளையோட ஒப்பிட்டு பாருங்க. எப்பவுமே அமைதியா இருக்கிறவ அமைதியா இருந்தா பிரச்சனை இல்ல, வாயாடி திடீர்னு அமைதியானா கவனிக்கணும். பெரியவங்களுக்கு மனச்சோர்வு வந்தா சோகமா தெரியும், புள்ளைங்களுக்கு அது பாதி நேரம் எரிச்சலா, கோவமா, தொட்டதுக்கெல்லாம் சண்டையா வரும். இல்லன்னா வயித்து வலி, தலைவலின்னு வரும், அது நடிப்பு இல்ல, நெஜமாவே வலிக்கும், டாக்டர்கிட்ட காட்டவும் வேணும், அதே சமயம் எந்த நேரத்துல வலிக்குதுன்னு நீங்க பாத்து வைக்கணும். குரூப் கேம் ஆரம்பிக்கும்போது மட்டும் ஒரு பொண்ணுக்கு வயிறு வலிச்சா அந்த குரூப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும்ல.

தூக்கத்தையும் விடாதீங்க. 6லேருந்து 12 வயசு வரைக்கும் 9 முதல் 12 மணி நேரம், டீன் ஏஜ்ல 8 முதல் 10 மணி நேரம் தூங்கணும், டேபிள்ல தல வச்சு படுக்கிற புள்ளைய சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி ராத்திரி எத்தன மணிக்கு படுத்தான்னு கேளுங்க. மாற்றம் ரெண்டு வாரமா தொடர்ந்து இருந்துச்சுன்னா வீட்டுக்கு சொல்லணும். அப்புறம் ஒரு எச்சரிக்கை, கத்துற புள்ளைய எல்லாரும் கவனிச்சிருவோம், யாருக்கும் தொந்தரவு பண்ணாம சுவரோரம் உக்காந்திருக்கிறத வாரக்கணக்குல யாருமே பாத்திருக்க மாட்டோம்.

எப்டி பேசணும்

எதிர்ல உக்காந்து கண்ண பாத்து கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும். பக்கத்துல உக்காருங்க, கையில ஏதாவது வேலை இருக்கட்டும். "ஏன் இப்டி இருக்க?"ன்னு கேக்காம பாத்தத மட்டும் சொல்லுங்க, "மூணு நாளா நீ பந்து எடுக்கவே வரல, கவனிச்சேன்." அப்புறம் வாய மூடிக்கணும், மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, கஷ்டமாத்தான் இருக்கும். "இதுக்கெல்லாமா அழுவாங்க", "உன்ன விட கஷ்டப்படுறவங்க எவ்ளோ பேரு", இது ரெண்டையும் சொன்னீங்கன்னா அந்த புள்ள அடுத்த தடவ உங்ககிட்ட வரவே வராது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கண்டிப்பா ஒரு நாள் கேப்பாங்க. பண்ணாதீங்க. "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா உதவி பண்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும், ஆனா யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன்"னு நேரா சொல்லிடுங்க. இப்டி சொன்னா மூடிக்குவாங்கன்னு பயப்படுவோம், என் அனுபவத்துல பெரும்பாலும் பேசத்தான் செஞ்சாங்க.

கோவமோ பதட்டமோ உச்சத்துல இருக்கும்போது "மூச்ச இழுத்து விடு"ன்னா எரிச்சல்தான் ஏறும். நல்லா இருக்கிற நாள்ல விளையாட்டு மாதிரி பழக்கி வைங்க, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுறது, இல்லன்னா கண்ணுல படுற 5 பொருள், தொட முடியுற 4, கேக்குற 3 சத்தம், 2 வாசனை, 1 ருசின்னு சொல்ல வைக்கிறது. உணர்ச்சிக்கு பேரு வைக்கிறதும் உதவும், 2007ல வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆராய்ச்சில உணர்ச்சிய வார்த்தையில சொல்லும்போது அமிக்டலாவோட, அதாவது பயம் மாதிரி உணர்ச்சிகள்ல வேலை செய்யுற மூளைப் பகுதியோட, வேகம் குறையுறது தெரிஞ்சுது. அதுக்காக எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு சோக மூஞ்சியா சிரிச்ச மூஞ்சியான்னு சார்ட்ட தொட சொல்றது எனக்கு சுத்தமா புடிக்காது, எல்லாரும் சிரிச்ச மூஞ்சியத்தான் தொடுவாங்க. அமைதியா உக்கார ஒரு மூலை வைங்க, ஆனா தண்டனைக்கு அங்க அனுப்புனீங்கன்னா அப்புறம் தேவைப்படுற புள்ள கூட அந்த பக்கம் போகாது.

கேம்ஸையும் கொஞ்சம் மாத்துங்க. ரெண்டு கேப்டன் நின்னு ஆள் எடுக்கிறது வேணாம், கடைசில மிஞ்சுறது எப்பவும் அதே புள்ளதான். அவுட் ஆனவன் வெளிய உக்காரணும்ங்கிற விளையாட்டுல யாருக்கு ஆட்டம் ரொம்ப தேவையோ அவன்தான் முதல்ல வெளிய உக்காந்திருப்பான். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பொறுப்பு குடுங்க, கலர் பென்சில் எண்ணி வைக்கிறது, செடிக்கு தண்ணி ஊத்துறது, வரலன்னா நம்மள தேடுவாங்கன்னு தோணணும்.

நம்ம கை மீறுனது

"செத்துடலாம் போல இருக்கு"ன்னு ஒரு புள்ள சொன்னா, இல்ல கையில கீறுன தழும்பு தெரிஞ்சா, விளையாட்டுக்கு சொல்லுதுன்னு விட்டுடாதீங்க. "உன்ன நீயே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?"ன்னு தெளிவா கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, ஆராய்ச்சிகள்ல அப்டி எதுவும் தெரியல. ஆமான்னா ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, பொறுப்புல இருக்கிறவங்களுக்கும் வீட்டுக்கும் அப்பவே சொல்லி அன்னிக்கே மருத்துவ உதவிக்கு கூட்டிட்டு போக வைக்கணும்.

யாராவது அடிக்கிறாங்க, தப்பா தொடுறாங்கன்னு சொன்னா நீங்க துப்பறியாதீங்க, அதுவும் "மாமா தான தொட்டாரு?"ன்னு பேர எடுத்துக் குடுத்து கேக்கவே கூடாது. "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு, புள்ள சொன்ன வார்த்தைய அப்டியே தேதி, நேரம் போட்டு எழுதுங்க, உங்க ஊர் சட்டப்படி குழந்தை பாதுகாப்புக்கு யார்கிட்ட சொல்லணுமோ அங்க அன்னிக்கே சொல்லுங்க. சந்தேகம் வீட்ல இருக்கிறவர் மேலயே இருந்தா வீட்டுக்கு போன் போட்டு உண்மையான்னு கேக்குறது புள்ளைய மாட்டி விடுற மாதிரி. இதெல்லாம் நடந்தப்புறம் நம்பர் தேடிட்டு நிக்காம இப்பவே சுவத்துல எழுதி ஒட்டிடுங்க.

மத்த விஷயத்துக்கு பெத்தவங்ககிட்ட பேசும்போது வாசல்ல, புள்ள கேக்குற மாதிரி, நாலு பேர் முன்னாடி வேணாம். "உங்க பையனுக்கு டிப்ரெஷன்"னு பட்டம் கட்டாம "ரெண்டு வாரமா சாப்பிடாம வைக்கிறான், ஃப்ரெண்ட்ஸ் கூட போறதில்ல, வீட்லயும் இப்டியா?"ன்னு கேளுங்க.

பெரிய விஷயத்த உங்ககிட்ட சொன்ன புள்ள மறுநாள் உள்ள நுழையும்போது முதல்ல உங்க மூஞ்சியத்தான் பாக்கும், நம்மள பாவமா பாக்குறாங்களா, இல்ல வேற மாதிரி பாக்குறாங்களான்னு. "வா வா, கத்திரிய காணோம், எங்க இருக்குன்னு தேடிக் குடு"ன்னு சொல்லுங்க.