தேரி மணலில் வண்டி புதைந்தால் முதலில் ஆளை விலக்குங்கள்

பங்குனி உத்திரத்தன்று எங்கள் பக்கம் கார் புதையாத வருஷமே கிடையாது. திசையன்விளை, உவரி, சாத்தான்குளம், உடன்குடி என்று செம்மணல் தேரி கிடக்கிற ஊர்களில் நிறையக் குடும்பங்களுக்குக் குலதெய்வமான சாஸ்தா கோவில் தேரியை ஒட்டித்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பொங்கல் பானை, விறகு, நடக்க முடியாத ஆச்சி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நடை வரைக்கும் காரை விட்டுப் பார்ப்பார்கள். சக்கரம் உட்கார்ந்துவிடும். டிராக்டரும் ஜீப்பும் வைத்திருப்பதால் எனக்குப் போன் வரும். வண்டியை வெளியே இழுப்பது பெரிய வித்தை இல்லை. ஒருத்தருக்கும் அடிபடாமல் இழுக்க வேண்டும், அதுதான் வேலை.

போனதும் நான் முதலில் பார்ப்பது கூட்டத்தை. புதைந்த காரைச் சுற்றிப் பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிடும். எல்லாரும் உதவத்தான் வருகிறார்கள். ஆனால் நாலு பேர் நாலு திசையில் நின்று "அண்ணாச்சி, ஏறி மிதிங்க", "ரிவர்ஸ் எடுங்க" என்று சத்தம் போட்டால் ஓட்டுகிறவர் எதைக் கேட்பார்? பேசுகிறது ஒருத்தர்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு டிரைவர்களுக்கும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் தள்ளி நின்று கைகாட்ட வேண்டியவர் அவர். கையை உயர்த்தினால் இரண்டு வண்டியும் அப்படியே நிற்க வேண்டும். காருக்குள் டிரைவர் தவிர யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகளை ஒரு பெரியவர் பொறுப்பில் தூரத்து நிழலுக்கு அனுப்பிவிடுங்கள். "ஏசி போட்டு உள்ளேயே இருக்கட்டும்" என்பார்கள், விடாதீர்கள். சைலன்சர் வாய் மணலில் மூடிக் கிடக்க எஞ்சின் ஓடினால், வாசனையே இல்லாத விஷப்புகை காருக்குள் ஏறும்.

அடுத்தது மண்வெட்டி. அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் சரிவாக மணலை வெட்டி, வண்டியின் அடிவயிறு மணலில் படாதபடி நீட்டு மண்வெட்டியால் இழுத்து விடுங்கள். அடியில் தலையை விட்டுப் படுக்க வேண்டாம். ஜாக்கி வைத்தால் கீழே அகலமான பலகை வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்கியே புதைந்து சாயும். அப்புறம் டயர் காற்று. 32, 33 பிஎஸ்ஐ இருப்பதை 18 வரைக்கும் இறக்கினால் டயர் தரையில் படுகிற நீளம் கூடும், மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால், வந்த தடத்திலேயே பின்னால் எடுத்து நிறைய வண்டிகள் கயிறே இல்லாமல் வெளியே வந்துவிடும். காற்று குறைந்த டயரில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள், ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடும்.

சக்கரத்துக்கு அடியில் பனைமட்டை போடுகிற பழக்கம் இங்கே உண்டு. பிடிமானம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் சக்கரம் சுழன்றால் அந்த மட்டை ரம்பப் பல் மாதிரியான கருக்கோடு பின்னால் பறந்து வரும், முழங்கால் உயரத்தில் வரும். அதனால் மட்டை போட்ட பிறகு சக்கரத்துக்கு நேரே ஒருத்தரும் நின்று தள்ளக் கூடாது. காய்ந்த ஓலையைச் சூடான சைலன்சர் பக்கம் திணிக்கவும் கூடாது. பங்குனி வெயிலில் அது பற்றிக்கொள்ள நேரம் ஆகாது.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால்தான் கயிறு. இறுகி நிற்கிற கயிற்றுக்குள் டிராக்டரின் இழுவை முழுக்கத் தேங்கி நிற்கிறது. கயிறு அறுந்தாலோ மாட்டிய இடம் பிய்ந்தாலோ அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும். நுனியில் கிடக்கிற இரும்பு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். அதனால் கயிறு எவ்வளவு நீளமோ அதில் ஒன்றரைப் பங்கு தூரத்துக்குச் சுற்றிலும் ஆள் நிற்கக் கூடாது. பத்து மீட்டர் கயிறு என்றால் பதினைந்து மீட்டர். இறுகின கயிற்றைத் தாண்டுவதோ, கையால் தொட்டுப் பார்ப்பதோ கூடவே கூடாது. நடுக்கயிற்றில் நனைத்த சாக்கோ கனமான ஜமுக்காளமோ போட்டு விடுங்கள், அறுந்தால் தரையைப் பார்த்து விழ உதவும். அதை நம்பி யாரும் பக்கத்தில் வந்துவிடக் கூடாது.

எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். பம்பரில் சின்ன மூடியைக் கழற்றித் திருகி மாட்டுகிற வளையம் ரோட்டில் மெதுவாக இழுத்துப் போவதற்கு. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுத்தால் அது பிய்ந்து வரலாம். வேறு வழியில்லை என்றால் மரை முழுக்க ஏற்றி, முடிந்த மட்டும் மணலை வெட்டிவிட்டு, நேர்கோட்டில் மெல்ல மட்டும் இழுங்கள். டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொண்டையில் கயிறு போடவே வேண்டாம். அது ஒடிந்தால் குண்டு மாதிரி வரும். கயிற்றை வண்டியோடு மாட்டுகிற U வடிவ இரும்பு வளையமான ஷேக்கிள் வாங்கும்போது எத்தனை டன் தாங்கும் என்று உடம்பில் பொறித்திருக்கிறதா பாருங்கள். முக்கால் இஞ்ச் ஷேக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். எண் இல்லாத இரும்பை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். கயிறு நீளம் போதவில்லை என்று நடுவில் ஷேக்கிள் போட்டு இரண்டு கயிற்றை இணைப்பதும் ஆபத்து. ஒன்றின் கண்ணிக்குள் மற்றதை நுழைத்து இணையுங்கள். கிணற்றுச் சங்கிலியும் கம்பி வடமும் நீளாது. அவற்றைத் தொய்வாக விட்டு ஓடிவந்து இழுத்தால் ஏதோ ஒன்று உடையும். தொய்வை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் நிதானமாக இழுக்க வேண்டும்.

டிராக்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கிலியைக் கீழே டிரெய்லர் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். எட்டவில்லை என்று மேலே கலப்பையைப் பிடிக்கிற டாப் லிங்க்கில் மாட்டினால், கார் நகராதபோது பின்சக்கரம் நின்றுகொண்டு முன்பக்கம் தூக்கும். கிளச்சை மிதிக்க நேரம் இருக்காது, டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். முன்பக்கம் ஒரு விரல் உயரம் எழும்பினாலும் விட்டுவிட்டு, மறுபடி மண்வெட்டியை எடுங்கள்.

மானூர், கயத்தாறு பக்கத்துக் கரிசலில் கதை வேறு. மழைக்குப் பிறகு அந்தச் சேறு சக்கரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அதனால் இழுக்கிற பாரம் மணலை விடப் பலமடங்கு ஏறும். முதலில் சக்கரத்தைச் சுற்றி வெட்டிக் காற்றுப் புக வழிவிட வேண்டும், அதைச் செய்யாமல் இழுத்தால் கயிறுதான் போகும். ஓடுகிற தண்ணீரில் நிற்கிற வண்டியை எடுக்க இறங்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தண்ணீருக்கு அடியில் ரோடே அரித்துப் போயிருந்த இடங்கள் உண்டு. ஆள் மேடேறட்டும், வண்டி கிடக்கட்டும்.

வெளியே வந்ததும் முதல் பஞ்சர் கடையில் காற்று நிரப்புங்கள், அதுவரை மெதுவாகப் போங்கள். பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பாருங்கள், உள்ளே மணல் புகுந்திருக்கும். கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்தோ அறுபட்டோ இருந்தால் அங்கேயே துண்டுதுண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாகப் போட்டு வைத்தால் அடுத்த உத்திரத்துக்கு யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள்.